அறைந்தவனை அவள் ஏன் காதலிக்க வேண்டும்? காதல் தொடர்கதை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தினம் ஒரு அத்தியாயம், வாரத்துக்கு மூன்று அத்தியாயம் என்று குடும்ப நாவலும் காதல் தொடரும் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களே, உங்களை விடாமல் படிக்கும் ஒரு வாசகி எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டு கடையில் மாத நாவல் வாங்கிப் படித்துப் பழகியவள், இப்போது அதே மாதிரிக் கதைகளைப் போனில் படிக்கிறேன். "இதெல்லாம் ஒரு கதையா" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் நிறைய சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். ஏனென்றால் இது லேசான வேலை இல்லை. துப்பறியும் கதையில் கொலை செய்தது யார் என்பதைக் கடைசிப் பக்கம் வரைக்கும் ஒளித்து வைக்கலாம். காதல் கதையில் ஒளிக்க என்ன இருக்கிறது? இவனும் இவளும்தான் சேரப்போகிறார்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த முடிவை நோக்கி ஐம்பது அத்தியாயம் படிக்க வைத்து, கடைசியில் "அப்பாடா, சேர்ந்துட்டாங்க" என்று கண் கலங்கவும் வைக்கிறீர்கள் என்றால் அது பெரிய கைத்திறன்தான்.

அந்த மரியாதை இருப்பதால்தான் கோபமும் வருகிறது.

சமீப காலமாக நான் படிக்கும் கதைகளில் பாதிக்கு மேல் ஒரே தடத்தில் ஓடுகின்றன. நான்காவது அத்தியாயத்தில் அவன் அவளை அறைகிறான். பத்தாவதில் கட்டாயத் தாலி. முப்பதாவதில் அவளுக்குக் காய்ச்சல், அவன் ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி போடுகிறான், அவள் கண் விழித்துப் பார்க்கிறாள், அங்கே காதல் வந்துவிடுகிறது. நாற்பதில் அவனுடைய சின்ன வயதுச் சோகம் ஃபிளாஷ்பேக்காக வருகிறது, அதோடு எல்லாம் மன்னிக்கப்படுகிறது. எபிலாக்கில் இரட்டைக் குழந்தைகள். இதை "ஆன்டி ஹீரோ கதை" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறீர்கள், சரி. எச்சரிக்கை போட்டுவிட்டால் காதல் நம்பும்படி ஆகிவிடுமா? நான் கேட்பது ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் இல்லை. கதையாகவே அது நிற்கவில்லை. இவளுக்கு இவன்மேல் எதற்காக மனசு போனது என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை, பாவம் அவளுக்கும் தெரியவில்லை.

ஒரு காதல் கதையை நான் நம்புவதற்கு எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அவன் அவளைக் கவனிப்பதை நான் பார்க்க வேண்டும், அவள் அவனைக் கவனிப்பதையும். கவனிப்பது என்றால் ரசிப்பது இல்லை. "செர்ரி இதழ்கள், மான் விழி, இடை தாண்டிய கூந்தல்" என்று அரைப் பக்கம் வர்ணிக்கிறீர்களே, அது தெருவில் போகிற யார் கண்ணுக்கும் தெரிவது. "ஆறடி உயரம், அலையலையான கேசம், பி.எம்.டபிள்யூ, எம்.டி. சீட்" என்பதும் அப்படித்தான். யாருக்கும் தெரியக்கூடிய விஷயத்தை வைத்து "இவள்தான், வேறு யாரும் இல்லை" என்று ஒருவன் எப்படி முடிவு செய்வான்? இவனுக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று அவளிடம் இருக்க வேண்டும். மற்றவர்கள் பார்க்காமல் விட்டதாக இருக்கலாம், பார்த்தும் குறையாக நினைத்ததாகவும் இருக்கலாம்.

எதைச் சொல்கிறேன் என்று ஒரு சூழலை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் செக்கிங் டேபிளில் நிற்கிறாள், அவன் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் சரக்கு நேரத்துக்குப் போகிறதா என்று பார்க்கும் பொறுப்பு அவனுடையது. மறுநாள் காலை ஷிப்மென்ட் போயாக வேண்டும், அயர்னிங், பேக்கிங் என்று எல்லா செக்‌ஷனும் ராத்திரி வேலையில் இருக்கிறது. ஒரு பண்டிலில் அவளுக்குச் சந்தேகம், பிரித்துப் பார்த்தால் தையல் ஓரத்தில் ஆயில் கறை, ஒன்று இரண்டு இல்லை, வரிசையாக. குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டிப் பக்கத்தில் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். சூப்பர்வைசர் வந்து "இதெல்லாம் யார் பார்க்கப் போறா, பாஸ் பண்ணி விடு" என்று கத்துகிறார். அவள் பதில் பேசவில்லை, ஆனால் கையும் நிற்கவில்லை, அடுத்த பீஸை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடிக்கிறாள். சரக்கு போகாவிட்டால் முதலில் திட்டு வாங்கப்போவது அவன்தான். அவன் எரிச்சலோடுதான் அங்கே வருகிறான். ஸ்டிக்கர் ஒட்டிய பீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கிறான். இன்னொன்றையும் எடுக்கிறான். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து அவனும் பிரித்துப் பார்க்க ஆரம்பிக்கிறான்.

இதில் யாரும் யாரையும் தொடவில்லை, இதயம் படபடக்கவில்லை, மின்சாரம் பாயவில்லை. ஆனால் இவனுக்கு இவளை ஏன் பிடிக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் "பிடிவாதக்காரி" என்று சொல்லும் குணத்தை அவன் நேர்மை என்று பார்த்துவிட்டான். எரிச்சலோடு வந்தவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததை அவளும் பார்த்திருக்கிறாள். இனிமேல் இவர்கள் கேன்டீனில் டீ குடித்தாலும் நான் ஆர்வமாகப் படிப்பேன். இன்னொன்றும் கவனியுங்கள், இதற்கு ஒரு வேலையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஹீரோ எந்த கம்பெனிக்கு எம்.டி., அங்கே என்ன செய்கிறார்கள் என்று பல கதைகளில் கடைசி வரைக்கும் தெரிவதில்லை. ஃபைலைத் தூக்கி எறிவதைத் தவிர அவனுக்கு ஆபீசில் வேறு வேலை இருப்பதாகவும் தெரியவில்லை. மனுஷன் தன் வேலையை எப்படிச் செய்கிறான் என்பதில்தான் அவன் குணம் பாதி தெரியும், அந்த வாய்ப்பை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

கவனிப்பது எப்படி என்று படிக்க வெளியே எங்கும் போக வேண்டாம். குறுந்தொகையில் 167-வது பாட்டு, கூடலூர் கிழார் எழுதியது, மொத்தம் ஆறே வரி. புதிதாகக் கல்யாணமான பெண் சமைக்கிறாள். கெட்டித் தயிரைக் கையாலேயே பிசைகிறாள், அந்த விரலைக் கட்டியிருக்கும் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள், மாற்றிக் கட்டக்கூட நேரமில்லை. தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. அவளே துழாவிச் செய்த புளிக்குழம்பை அவன் "நன்றாக இருக்கிறது" என்று சாப்பிடுகிறான். அவள் முகம் மலர்கிறது, அதுவும் 'நுண்ணிதின்', பார்த்தும் பார்க்காத மாதிரி, கொஞ்சமாக. அவ்வளவுதான் பாட்டு. காதல் என்ற பேச்சே இல்லை. இதை யார் சொல்கிறார்கள் தெரியுமா? அவனும் இல்லை, அவளும் இல்லை. அவளை வளர்த்த செவிலித்தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்கிறாள். வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் வளர்ந்த பெண் இப்போது எப்படி இருக்கிறாளோ என்று அடித்துக்கொள்ளும் மனசுக்குக் கிடைத்த சேதி அது. அந்த முகத்தில் வந்த சின்ன மாற்றம், சின்ன வயதிலிருந்து அந்த முகத்தைப் பார்த்தவளுக்கு மட்டும்தான் தெரியும். சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அந்த ஜோடியே வாய் ஓயாமல் சொல்வதைவிட, வெளியே நிற்கும் ஒருத்தி பார்த்துச் சொல்லும்போது நமக்கு எப்படி நம்பிக்கை வருகிறது பாருங்கள். உங்கள் கதைகளில் மாமியார், நாத்தனார், தோழி, டிரைவர் என்று இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது ஒருவர் இந்த ஜோடியை ஒழுங்காகப் பார்க்கிறார்களா? கிண்டல் பண்ணவும் சதி பண்ணவும் மட்டும்தானே வருகிறார்கள்.

அடுத்து, பிரிவு. இரண்டு பேரையும் பிரித்து வைக்காமல் கதை நகராது, புரிகிறது. ஆனால் கதவுக்கு வெளியே நின்று பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு ஊரைவிட்டே போகிற கதாநாயகிகளை எவ்வளவு நாள்தான் தாங்குவது? ஒரு போன் போட்டால் முடிந்துவிடும். அவள் கையில் போன் இருக்கிறது, அவன் லாஸ்ட் சீன் வரைக்கும் பார்க்கிறாள், கேட்க மட்டும் மாட்டாள், ஏனென்றால் கேட்டால் உங்களுக்கு இன்னும் இருபது அத்தியாயம் இருக்காது. "ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துவிடும்" என்ற நிலைமையை வைத்துக்கொண்டு நல்ல கதை எழுதவே முடியாதா என்றால், முடியும். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் இறந்த பிறகு 1817 டிசம்பரில் வெளிவந்த அவருடைய 'பெர்சுவேஷன்' நாவலில் அதைத்தான் செய்திருக்கிறார். நாயகி ஆன் எலியட் சின்ன வயதில் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு, தான் விரும்பிய வென்ட்வொர்த்தை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள், அப்போது அவனிடம் பணம் இல்லை. எட்டு வருடம் கழித்து, கடற்படை கேப்டனாகி, சம்பாதித்துத் திரும்பி வருகிறான். கடைசியில் இருவரும் மனசுவிட்டுப் பேசும்போது அவன் கேட்கிறான், பிரிந்து இரண்டு வருடத்தில் கையில் கொஞ்சம் காசு வந்ததே, அப்போதே உனக்குக் கடிதம் போட்டிருந்தால் என்னை ஏற்றிருப்பாயா என்று. ஏற்றிருப்பேன் என்பதுதான் அவள் பதில். அவன் போடவில்லை, கர்வம் விடவில்லை, அதை அவனே ஒத்துக்கொள்கிறான். ஆறு வருடம் வீணாய்ப்போனது ஒரு கடிதத்தால். வாசகருக்கு எரிச்சல் வரவில்லை, நெஞ்சைப் பிசைகிறது, ஏனென்றால் அந்தக் கடிதத்தை எழுத விடாமல் தடுத்தது எழுத்தாளரின் வசதி இல்லை, அவனுடைய குணம். உங்கள் நாயகி ஏன் அந்த ஒரு போனைப் போடவில்லை என்பதற்கும் அவள் குணத்திலிருந்து ஒரு காரணம் கொடுங்கள், போதும்.

இதோடு சேர்த்து 'ஒப்பந்தக் கல்யாணம்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு மட்டும் மனைவியாக நடி, ஆறு மாதம் முடிந்ததும் டைவர்ஸ், இந்தா செக். எத்தனை கதைகள்! இந்து திருமணச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் விவாகரத்து மனுவே போட முடியாது, மிகக் கடுமையான நிலைமை என்று நீதிமன்றம் விசேஷமாக அனுமதித்தால்தான் உண்டு. இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதென்றாலும் முதலில் ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தை மட்டும் நீதிமன்றம் தேவைப்பட்டால் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, உங்கள் கோடீஸ்வர ஹீரோவின் வக்கீல் எழுதிய அந்த ஒப்பந்தம் முதல் பக்கத்திலேயே செல்லாது. இதை நான் குறை கண்டுபிடிப்பதற்காகச் சொல்லவில்லை, இதில் உங்களுக்குக் கதை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். 1986-ல் வந்த 'மௌன ராகம்' படம் நிற்பதே இந்த ஒரு வருட விதியில்தான். கல்யாணம் முடிந்து டெல்லிக்கு வந்த பெண் என்ன வேண்டும் என்று கேட்ட கணவனிடம் விவாகரத்து வேண்டும் என்கிறாள். அவனும் வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போகிறான். ஒரு வருடம் ஆக வேண்டும் என்கிறார் வக்கீல். பிடிக்காத இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தாக வேண்டிய கட்டாயத்தை எந்த வில்லியும் கொண்டுவரவில்லை, நாட்டின் சட்டம் கொண்டுவந்தது. அதனால் நமக்குக் கேள்வியே எழவில்லை.

அந்தப் படத்தில் இன்னொன்றையும் பாருங்கள். அவளுடைய பழைய காதலன் வருவது ஒரு ஃபிளாஷ்பேக்கில் மட்டும்தான், ஆனால் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். அப்படி ஒருவனை இழந்தவள் மனசில் இந்த அமைதியான கணவன் இடம் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால் பிடித்தபோது அதற்கு மதிப்பு இருக்கிறது. உங்கள் கதைகளில் போட்டிக்கு வருபவன் ஒன்று குடிகாரன், இல்லை சொத்துக்கு ஆசைப்பட்ட மாமன் மகன். அவனோடு ஒப்பிட்டால் யாருமே நல்லவன்தான். போட்டிக்கு ஒரு நல்ல மனுஷனைக் கொண்டுவாருங்கள், அவள் யோசித்துத் தேர்ந்தெடுக்கட்டும்.

தமிழ்நாட்டில் காதலுக்கு நிஜமான தடை எது என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். சாதி, மதம். ஆனால் உங்கள் கதைகளில் யாருக்கும் சாதியே இல்லை. ஏழைப் பெண், பணக்காரப் பையன், அதோடு சரி, கடைசியில் பார்த்தால் அவள் தொலைந்துபோன அத்தை மகள், ஆக 'நம்ம சொந்தம்தான்'. பயம் இருக்கும், புரிகிறது, நேரடியாகச் சாதிப் பெயரைப் போட்டு எழுதச் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். வேறு வேறு மதத்துக்காரர்கள் மதம் மாறாமல் கல்யாணம் செய்துகொள்ள 1954-ம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதன்படி முதலில் பதிவாளரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அந்த நோட்டீஸை ஆபீசில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள், ஆட்சேபம் சொல்ல 30 நாள். அதற்குப் பிறகுதான் மூன்று சாட்சிகளோடு கல்யாணம். கதைகளில் காலையில் ஓடிப்போய்ச் சாயங்காலம் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலையோடு நிற்கிறார்கள். நிஜத்தில் அந்த 30 நாளும் இரண்டு பேருடைய பெயரும் ஒரு நோட்டீஸ் போர்டில் தொங்கிக்கொண்டிருக்கும். அவள் தினமும் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார வேண்டும். அந்த ஆபீசுக்கு நிலம் பதிய வந்த ஒரு சித்தப்பா அந்த போர்டைப் பார்த்தால் போச்சு. இதைவிட ஒரு நாவலுக்கு என்ன வேண்டும்? பயத்தில் ஒருவரை ஒருவர் எப்படித் தாங்குகிறார்கள் என்பதைக் காட்ட 30 நாள் கையில் கிடைத்திருக்கிறது. வயது வந்த இரண்டு பேர் சம்மதித்தால் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அய்யர் இல்லாமல், சொந்தக்காரர் நண்பர்கள் முன்னால் மாலை மாற்றிச் செய்யும் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று இங்கே 1967-லேயே அண்ணா ஆட்சியில் சட்டம் போட்டார்கள். இவ்வளவும் நம் மண்ணில் இருக்க, தொலைந்த அத்தை மகள் எதற்கு?

இப்போது அவன் அவளைக் கன்னத்தில் அறையும் விஷயத்துக்கு வருகிறேன், இந்த மடலை எழுதவே காரணம் அதுதான்.

தப்பு செய்த ஒருவனைக் கதாநாயகனாக வைக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். தப்பு செய்து, அதை உணர்ந்து, மாறுகிறவனுடைய கதை நல்ல கதைதான். ஆனால் தப்பு எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்கு ஈடு செய்யும் வேலையும் இருக்க வேண்டாமா? மறுபடியும் ஆஸ்டினிடம்தான் போகிறேன், இந்த விஷயத்தில் அவரைவிடக் கணக்கு சரியாகத் தெரிந்தவர்கள் குறைவு. 1813-ல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலுக்கு மொத்தம் 61 அத்தியாயம். 34-ல் நாயகன் டார்சி நாயகி எலிசபெத்திடம் காதலைச் சொல்கிறான். சொல்லும்போதே உன் குடும்பம் எனக்குத் தகுதியில்லாத குடும்பம், இருந்தும் உன்னை விரும்புகிறேன் என்கிற மாதிரிப் பேசுகிறான். அவள் முகத்துக்கு நேராக மறுக்கிறாள், நீ நடந்துகொண்ட முறை பண்புள்ளவன் நடக்கும் முறை இல்லை என்கிறாள். அவன் அவளை அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை, பேசினான், அவ்வளவுதான். அந்தப் பேச்சுக்காக மட்டும் அவன் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது தெரியுமா? அவள் சம்மதிப்பது 58-வது அத்தியாயத்தில். நடுவில் 23 அத்தியாயம்.

அந்த 23-ல் என்ன செய்கிறான் என்பதுதான் பாடம். பூங்கொத்து அனுப்பவில்லை, மழையில் நிற்கவில்லை. அவளுடைய மாமா லண்டனில் வியாபாரம் செய்கிறவர், டார்சி மாதிரி ஆட்கள் வீட்டுக்குள் சேர்க்க யோசிக்கிற வகை. எதைச் சொல்லி அவளை அவமானப்படுத்தினானோ அந்தச் சொந்தத்தில் ஒருவர். அந்த மாமாவும் அத்தையும் எலிசபெத்தோடு அவன் எஸ்டேட்டைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், எதிர்பாராமல் அவன் வந்துவிடுகிறான். மாமாவிடம் மரியாதையாகப் பேசி, என் ஆற்றில் எப்போது வேண்டுமானாலும் வந்து மீன் பிடியுங்கள், தூண்டில் எல்லாம் நான் தருகிறேன் என்கிறான். அவளிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எந்த இடத்தில் காயம் பட்டதோ சரியாக அந்த இடத்தில் அவன் மாறியிருக்கிறான் என்று அவளுக்கும் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது. அப்புறம் அவள் தங்கை ஒருவனோடு ஓடிப்போய்க் குடும்ப மானம் போகிறபோது, டார்சி தேடிப்போய் அந்த ஆளின் கடனை அடைத்துக் கல்யாணத்தை முடித்து வைக்கிறான், செய்தது நான் என்று யாருக்கும் சொல்லக்கூடாது என்கிறான். வேறு வழியாகத்தான் அவளுக்குத் தெரியவருகிறது. பிரதிபலன் கிடைக்காது, பார்க்கவும் ஆள் இல்லை என்ற இடத்தில் ஒருவன் என்ன செய்கிறான் என்பதைப் பார்த்த பிறகு அவனை நம்பாமல் எப்படி இருப்பது?

கடைசியில் மறுபடி கேட்கும்போதும் எப்படிக் கேட்கிறான்? உன் மனசு இன்னும் பழையபடிதான் இருக்கிறது என்றால் இப்போதே சொல்லிவிடு, என் விருப்பம் மாறவில்லை, ஆனால் நீ ஒரு வார்த்தை சொன்னால் இதைப்பற்றி இனி எப்போதும் பேச மாட்டேன் என்கிறான். இருநூறு வருடத்துக்கு முந்தைய கதாநாயகன் அவன். நம் ஹீரோக்கள் இன்றைக்கும் "நீ எனக்கு மட்டும்தான்டி" என்று சுவரில் சாய்த்துக் கையை வைத்து மறிக்கிறார்கள். ஈவ்-டீசிங்கைத் தடுக்க 1998-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது, பெண்ணை விடாமல் பின்தொடர்வதை 2013-ல் தண்டனைச் சட்டத்திலும் குற்றமாகச் சேர்த்தார்கள். சட்டம் தொட்ட தூரத்தைக்கூடக் கதைகள் தொடவில்லை என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதுவும் எழுதுகிறவர்களில் நிறைய பேர் பெண்கள், படிக்கிறவர்களில் நிறைய பேர் பெண்கள். "வேண்டாம்" என்று ஒருத்தி சொன்னதைக் கேட்டு ஒருவன் இரண்டு அடி பின்னால் போவதில் இருக்கும் கவர்ச்சியை நாம்தானே எழுத வேண்டும்?

ஒரே மூச்சில் குறையாகவே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து ராத்திரி போனிலேயே டைப் செய்து போடுகிறவர்கள் உங்களில் பலர். போட்ட பத்தாவது நிமிடம் "எப்போ சேர்த்து வைப்பீங்க", "ஹீரோயின் ஓவரா பண்றா", "ஹீரோ பாவம்" என்று கமெண்ட் வருகிறது. அவள் இரண்டு அத்தியாயம் கோபமாக இருந்தால் வாசகர்களே அவளைத் திட்டுகிறார்கள். அறைந்தவனுக்குப் பாவம் பார்க்கிறார்கள், அறை வாங்கியவளுக்குப் பார்ப்பதில்லை. அந்த நெருக்கடியில் நீங்களும் காய்ச்சல், ஈரத்துணி என்று குறுக்கு வழியில் போய்விடுகிறீர்கள். இதில் வாசகர்களான எங்கள் பங்கும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இருந்தாலும் கதை உங்கள் கையில்தான் இருக்கிறது. அவளுடைய கோபத்துக்குச் சரியான காரணமும் அழுத்தமான ஒரு காட்சியும் கொடுத்தால், அதே கமெண்ட் பகுதியில் "இப்போ மன்னிக்காதே" என்று எழுதுவார்கள். நானே எழுதியிருக்கிறேன்.

பேச்சைப் பற்றி ஒரு சின்ன விஷயம், விட்டுவிட மனசில்லை. ஜோடி ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில் அவசரப்படாதீர்கள். மூன்றாவது அத்தியாயத்திலேயே "டி" போட்டுவிட்டால் நாற்பதாவது அத்தியாயத்துக்கு என்ன மிச்சம்? ஆபீசில் "வாங்க, சொல்லுங்க" என்று பேசிக்கொண்டிருந்தவன் ஒரு அவசரத்தில் "நீ கிளம்பு, நான் பார்த்துக்கறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிடட்டும், அவள் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருக்கட்டும். பொள்ளாச்சிப் பெண் என்று சொல்லிவிட்டு அவள் பேச்சில் ஒரு "ங்க" கூட இல்லாமல் எழுதுவதையும் கொஞ்சம் பாருங்கள்.

எல்லாக் கதையும் சோகமாக முடிய வேண்டும், பிரிந்தால்தான் தரம் என்று நான் நினைக்கவில்லை. எனக்குச் சேர வேண்டும். நன்றாகச் சேர வேண்டும். எபிலாக்கில் குழந்தையும் வேண்டும், இரட்டையாக இருந்தாலும் சரி.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் அடுத்த தொடரில் ஹீரோ அவளை அறையாமல் இருந்தால் ரொம்ப சந்தோஷம். கதைக்கு அது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், அந்த அறைக்குப் பிறகு அவள் அவனை விட்டு வெளியே போகட்டும், தனக்கென்று ஒரு வேலை பார்க்கட்டும், ஒரு வாடகை வீடு எடுக்கட்டும், அவன் இல்லாமலும் நன்றாக இருக்கட்டும். அவன் அவள் பின்னால் வராமல், அவள் பார்க்காத இடத்தில், தன் கையையும் வாயையும் அடக்கக் கற்றுக்கொள்ளட்டும். அதைத் தன் தம்பியிடம், டிரைவரிடம், ஆபீஸ் பையனிடம் காட்டட்டும். இருபது அத்தியாயம் எடுத்துக்கொள்ளுங்கள், முப்பது எடுத்துக்கொள்ளுங்கள். "ஹீரோ ஹீரோயின் சீனே இல்லையே" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். அதற்குப் பிறகு அவளாக அவனைக் கூப்பிட்டால், எதற்காகக் கூப்பிட்டாள் என்று எனக்குப் புரியும்.

அன்புடன்,
உங்கள் வாசகி